எல்மாவுக்குத் தண்ணி காட்டியது

பொய் சொல்லியாவது மனைவியை வீட்டுக்கு வரவழைத்துவிடுவது என்று ரெய்னோ கங்காஸ் முடிவு செய்தார். "நீ இல்லாம இருக்க முடியல, வந்துடு" என்று நேராகவே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்தே அந்த மாதிரி வாக்கியங்கள் அவர் தொண்டையைத் தாண்டியதில்லை.

எல்மா, ஆபரேஷன் ஆன அக்கா இர்யாவைப் பார்த்துக்கொள்ள ஜனவரியில் அரிசோனாவுக்குப் போனவள். அக்கா எழுந்து நடமாட ஆரம்பித்தாயிற்று. எல்மா மட்டும் திரும்பவில்லை. கேட்டால், "இங்க வெயில் எவ்வளவு சுகமா இருக்கு தெரியுமா?" என்பாள். இங்கே வடக்கே டுலூத்தில் ஜன்னல் உயரத்துக்குப் பனி. ரெய்னோ தினமும் பழக்கதோஷத்தில் இரண்டு கோப்பைக் காபி ஊற்றுவார். ஒன்றைக் குடித்துவிட்டு, மற்றது ஆறுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

ஏப்ரலில் கூரைப் பனி உருகிச் சொட்டத் தொடங்கியது. அவருக்கு யோசனை உதித்தது. போனை எடுத்தார்.

"எல்மா, இங்க எல்லாம் உருகுது."

"பனியா, நீயா?"

"பனிதான்! பேஸ்மென்ட்ல தண்ணி வந்துடுச்சு. கணுக்கால் அளவு!"

ஐயோ என்று அலறிப் பெட்டியைக் கட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ வேலை சொல்ல ஆரம்பித்தாள்.

"முதல்ல சுவரை ஒட்டி இருக்கற பனியை வாரித் தள்ளு. உருகினா நேரா உள்ளதான் வரும். கூரைத் தண்ணி இறங்கற குழாய் சுவரோரமாவே கொட்டுது. மாடியில வீட்டுக்காரம்மா டெல்ஃபின்கிட்ட சொல்லி, தள்ளிப் போய்க் கொட்டற மாதிரி நீளக் குழாய் மாட்டச் சொல்லு. பேஸ்மென்ட் தரையில தண்ணி போற ஓட்டை அடைச்சுக் கிடக்கும், தோண்டி எடு. பெட்டியெல்லாம் பலகை மேல ஏத்து."

"வாடகை வீட்டுக்கு நான் எதுக்கு முதுகை ஒடிச்சுக்கணும்? வீடு டெல்ஃபினோடது."

"சுவர் அவங்களோடது. சுவருக்குள்ள இருக்கறது நம்மளோடது. வெளியிலேந்து வர்ற வெள்ளத்துக்கு நம்ம இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சுடுவான். சரி, அந்தத் தண்ணியை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."

போட்டோ! தரையோ பாலைவனமாகக் கிடந்தது. ரெய்னோ வீடு துடைக்கிற வாளியைத் தூக்கி வந்து கவிழ்த்தார். படம் பிடித்தார். அனுப்பினார்.

"அடக் கடவுளே! நிக்காதே, வேலையை ஆரம்பி!" என்றாள் எல்மா.

ஆரம்பித்தார். சுவரோரப் பனியை வாரும்போது மாடி ஜன்னல் திறந்தது. வீட்டுக்காரம்மா டெல்ஃபின் எட்டிப் பார்த்தாள்.

"ரெய்னோ, உடம்பு கிடம்பு சரியில்லையா? கையில மண்வெட்டி இருக்கே!"

"எல்மா சொன்னா."

"அரிசோனாவிலேந்தா? என் வீட்டுக்காரர் காதுகிட்ட நின்னு கத்தினாக்கூட அசையமாட்டார்!"

அந்த அதிசயத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் அவளே கடைக்குப் போய் நீளக் குழாய் வாங்கி வந்து மாட்டினாள்.

பெட்டிகளைப் பலகை மேல் ஏற்றும்போது ஒன்றின் அடி கிழிந்து, எல்மாவின் நீலக் கம்பளிக் கோட்டு வெளியே விழுந்தது. எடுத்தார். மடிக்கப் பார்த்தார். காலரில் இன்னும் அவள் போடுகிற பவுடர் வாசனை. அதை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். வேலை அன்று அதோடு நின்றுபோனது.

அடுத்த வாரம் பனி மேல் மழை பிடித்துக்கொண்டது. மலைச்சரிவுத் தெரு முழுக்க ஆறாக ஓடி, அடிவாரத்து ஏரியைப் பார்த்து இறங்கியது. பக்கத்து வீட்டு பேஸ்மென்டில் சோபா மிதந்தது. ரெய்னோ தன் பேஸ்மென்டில் வெறுங்காலோடு நின்றார். சொட்டு ஈரம் இல்லை. சந்தோஷப்பட வேண்டியவர், அழாத குறையாகப் போனை எடுத்தார்.

"ஒரு சொட்டுகூட உள்ள வரல, எல்மா."

"நல்லதுதானே?"

"அன்னிக்கும் வரல. நான்தான் ஊத்தினேன். இங்க தினமும் ஒரு காபி வீணாப் போகுது. நீ வந்துடேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"போட்டோல சோப்பு நுரை மிதந்துச்சு, ரெய்னோ. பனி எங்கேயாவது குளிச்சுட்டு வருமா? எனக்கே தண்ணி காட்டறியா?"

"தெரிஞ்சுமா இவ்வளவு வேலை வாங்கினே?"

"நீ சொன்னது பொய். பனி உருகறது பொய்யா? சும்மா சொன்னா நீ எந்த வருஷம் செஞ்சே? ஞாயித்துக்கிழமை வர்றேன்."

ஞாயிறன்று ரெய்னோ முகத்தை மழித்துக்கொண்டு, நீலக் கோட்டோடு விமான நிலையத்துக்குப் போனார். எல்மா வெயிலில் சிவந்து வந்தாள். அத்தனை பேர் பார்க்க அவளைக் கட்டிக்கொண்டு, கோட்டைத் தோளில் போர்த்தினார். அப்போதுதான் அவள் தோளுக்குப் பின்னால், பெட்டிகள் குவிந்த வண்டியைப் பிடித்தபடி இர்யா நிற்பது தெரிந்தது.

"அக்கா கோடை முழுக்க நம்மகூடத்தான். அங்க இனிமே வெயில் கொளுத்தும்," என்றாள் எல்மா.

"வரட்டுமே," என்றார் ரெய்னோ, அன்றைக்கு யாருக்கு வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கொடுக்கிற மனநிலையில். "பேஸ்மென்ட் காய்ஞ்சு, சுத்தமா இருக்கு. அங்க படுத்துக்கட்டும்."

"ஆபரேஷன் ஆனவ படி இறங்குவாளா? அவ நம்ம ரூம்ல என்கூடப் படுத்துப்பா," என்றாள் எல்மா, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "பேஸ்மென்ட் உனக்கு."