தலை மிதக்கும் படமும் அர்த்தம் சொல்கிறவரும்

"ம்ம்ம்ம்…"

கூடத்திலிருந்து வந்த அந்த முனகலைக் கேட்டதும், சமையலறையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். வயிற்றுவலிக்காரரின் முனகல் இல்லை, வாசகரே. படத்துக்கு அர்த்தம் சொல்கிறவரின் முனகல்.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். படத்தை நோக்கி மூன்றடி போவார், இரண்டடி பின்வாங்குவார், ஒரு கண்ணை மூடுவார், கட்டைவிரலை நீட்டிக் காற்றில் எதையோ அளப்பார், வரைந்தவர் பக்கத்திலேயே நின்றாலும் அவரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். எதற்குக் கேட்க வேண்டும்? வரைந்தவருக்கு என்ன தெரியும்? என் அலுவலக நண்பர் அந்த ரகம். நாங்கள் வைத்த பெயர் 'ஆழ்மனசு'. யாரும் அழைக்காமலே படம் பார்க்க வந்திருந்தார்.

படம் என் மனைவி வரைவது. ஆளுயர எண்ணெய் வண்ணப் படம். நாற்காலியில் என் அம்மா. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை. தலை மட்டும் பலூன்போலக் கூரையருகே சிரித்துக்கொண்டு மிதக்கிறது. அதிலிருந்து இறங்கும் நூலை என் மனைவியின் கை பிடித்திருக்கிறது. ஆறு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத இருவரும் இந்தப் படத்துக்காக மூன்று வாரம் எதிரெதிரே உட்கார்ந்து, இப்போதுதான் சிரிக்கவே தொடங்கியிருந்தார்கள்.

"மாமியார் தலையை மருமக கழட்டிட்டாங்க," என்றார் ஆழ்மனசு. "அடுத்தது நூலையும் விடப்போறாங்க. விரலைப் பாருங்க."

"விடலைங்க. ரெண்டு சுத்து சுத்திப் பிடிச்சிருக்கேன்," என்றாள் மனைவி.

"அது நீங்க நெனைக்கிறது. உங்க ஆழ்மனசு வேற சொல்லுது."

அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவந்து அந்த விரல்களையே உற்றுப் பார்த்தார். மனைவியின் கண்கள் நிறைந்தன. போச்சு, நாளை முதல் வீட்டில் பழையபடி இரண்டு சமையல் என்று, டீத்தட்டோடு கதவருகே நின்ற நான் முடிவு கட்டிவிட்டேன்.

அம்மா மெதுவாகத் திரும்பினார்.

"தம்பி, வந்ததுலேருந்து வாட்சையே தடவிக்கிட்டு இருக்கீங்களே. வீட்டுக்குப் போகப் பயமா?"

"இல்லம்மா, வார் அரிக்குது."

"வெளியில அப்படித்தான் சொல்லணும். பாவம். வீட்டுல அடி பலமோ?"

ஆழ்மனசு டீயைத் தொடவில்லை. அம்மாவே வாசல்வரை கொண்டுபோய் விட்டார். "நீ பிரஷ்ஷை எடும்மா, வந்து உக்கார்றேன்," என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

சத்தம் கொஞ்சம் பலமாகத்தான் கேட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கிறீர்களா? சரிதான், நீங்களும் அந்த ரகம்தான்.

காற்று, ஐயா. வெறும் காற்று.