வாஷ்பேசினின் பக்கபலம்

பேக்கரியையும் விடமாட்டேன், மச்சானோடும் ஓடமாட்டேன். இதுதான் என் சபதம்.

நான் எண்பத்திரண்டு கிலோ. ஒரு மாதத்தில் ஐந்து கிலோ குறைய வேண்டும், இல்லையென்றால் தினமும் விடியற்காலையில் தன் அண்ணனோடு மைதானத்தில் ஓட வேண்டும் என்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மச்சான், நான் வேலை பார்க்கும் அதே பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். அவர் விசில் ஊத, நான் மூச்சிரைக்க, என் மாணவர்கள் வேடிக்கை பார்க்க... நினைத்தாலே வியர்த்தது.

எடையைக் குறைத்துச் சொல்லவும் வழியில்லை. நின்றுகொண்டு குனிந்தால் எனக்குத் தொப்பைதான் தெரியும் என்பதால், வாய்விட்டு எடை சொல்லும் மெஷினாகப் பார்த்து வாங்கி வாஷ்பேசின் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

ஆனால் நான் இயற்பியல் வாத்தியார். நாம் எதை அமுக்கினாலும் அது அதே பலத்தோடு நம்மைத் திருப்பித் தள்ளும் என்று இருபது வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் டியூஷன் எடுக்கிறேன். மனைவி பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டே கொட்டாவி விடுவாள். முதல் ஞாயிறு மெஷினில் ஏறி, துண்டால் மறைத்த கையை வாஷ்பேசினில் லேசாக அமுக்கினேன். அது என்னை லேசாகத் தூக்கியது.

“எண்பது கிலோ” என்றது மெஷின். அன்று மாலை பேக்கரியில் இரண்டு கேக்.

அடுத்த ஞாயிறும் அதே கை, அதே வாஷ்பேசின். மனைவி நோட்டும் பேனாவுமாக என்னை ஒட்டி நின்றாள்.

“எண்பத்தாறு கிலோ.”

தூக்கிவாரிப்போட்டது. இன்னும் பலமாக அமுக்கினேன்.

“எண்பத்தெட்டு கிலோ.”

“என்னங்க இது, ஒரே வாரத்துல எட்டு கிலோவா? எதுக்கும் டாக்டர்கிட்ட போயிடலாமா?” என்றாள். முகத்தில் அத்தனை கவலை.

வாஷ்பேசின் தாங்கியே எண்பத்தெட்டு என்றால் நிஜ எடை என்ன? இருபது வருஷமாக நான் நடத்திய பாடம் பொய்யா, இல்லை நானே போய்ச் சேரப்போகிறேனா? அன்றோடு கேக் நின்றது. சாப்பாடு பாதியானது. மறுநாள் விடிவதற்குள் மச்சான் வீட்டுக் கதவை நானே போய்த் தட்டினேன். அவர் விசில் ஊதினார். மாணவர்கள் கைதட்டினார்கள். உயிருக்குப் பயந்து ஓடினேன்.

மாதத்தின் கடைசி ஞாயிறு வந்தது. மெஷினில் ஏறினேன். பழக்கதோஷம், கை தானாக வாஷ்பேசினுக்குப் போனது.

“எண்பத்தொரு கிலோ.”

இத்தனை ஓடியும் ஆரம்பித்த எண்பத்திரண்டிலிருந்து ஒரு கிலோதானா குறைந்தது என்று மனம் விட்டுப்போய்த் தலையைத் தொங்கப் போட்டேன். அப்போதுதான் பார்த்தேன். தொப்பை கரைந்து, வருஷக்கணக்கில் பார்க்காத என் கால்விரல்கள் தெரிந்தன. ஆசையாக எண்ணினேன். பதினொன்று இருந்தது. மெஷினின் ஓரத்தை அமுக்கிக்கொண்டிருந்த பதினோராவது விரலில் சிவப்பு நகப்பூச்சு.

“இது... எத்தனை நாளா?” என்றேன்.

“ரெண்டாவது ஞாயித்துக்கிழமையிலேர்ந்து. இருபது வருஷமா காய் நறுக்கிட்டே பாடம் கேட்டிருக்கேன்ல?” என்றாள் அவள், நோட்டிலிருந்து நிமிராமல். “நீங்க முதல்ல கையை எடுங்க, நான் காலை எடுக்கிறேன்.”