டிக்கியில் தெரிந்த இரண்டு கால்கள்

சிறைச்சாலை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே போக முடியவில்லையே என்று தவித்த ஒரே மனிதர் வாத்தியார்தான். சிறைக்குள் அல்ல, தன் காருக்குள்.

சாவி உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு கதவுகளும் கச்சிதமாகப் பூட்டியிருந்தன. கைபேசி, மூக்குக்கண்ணாடி, பணப்பை, விடுதலையாகி வருகிறவருக்கென்று வாங்கிய புதுச் சட்டை எல்லாம் முன் இருக்கையில் சொகுசாக உட்கார்ந்து, கண்ணாடி வழியாக அவரை வேடிக்கை பார்த்தன.

"என்ன சார், வழக்கம்போலவா?" என்றார் வாசல் காவலர்.

"வழக்கம்போல இல்லப்பா. போன தடவை டயர்."

"உள்ள எத்தனையோ பேர் இருக்காங்க சார், நீங்க தும்மி முடிக்கறதுக்குள்ள இதைத் திறந்துடுவாங்க. என்ன பண்றது, ஒருத்தரையும் வெளிய விட எனக்கு அதிகாரம் இல்லையே."

வாத்தியார் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். எந்த ஆறு எந்தக் கடலில் விழுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தன் வீட்டுக்கு அடுத்த தெரு எங்கே போய் முடிகிறது என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார். ஓய்வு பெற்ற மறுவாரமே மனைவி, "வீட்ல உட்கார்ந்து என் உயிரை வாங்காம, எங்கயாவது போய் யாருக்காவது உபயோகமா இருங்களேன்" என்றதைத் தெய்வவாக்காக எடுத்துக்கொண்டு, ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார். சிறையிலிருந்து வெளியே வருகிறவர்களை வாசலிலேயே வரவேற்று, முதல் நாள் முழுக்கக் கூடவே இருந்து, கண்காணிப்பு அலுவலகத்தில் கையெழுத்துப் போடவைத்து, தங்கும் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. சம்பளம் கிடையாது. சம்பளம் கொடுத்திருந்தால் எப்போதோ சீட்டைக் கிழித்திருப்பார்கள் என்பது மனைவியின் கருத்து.

அவருக்கு மனசு தங்கம். கைராசிதான் தகரம். ஒருவரை விடுதி என்று நினைத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வந்தார். இன்னொருவர், விடுதலையான அன்றே வாத்தியாரை முதுகில் சுமந்துகொண்டு எலும்பு டாக்டரிடம் ஓடினார். "இந்தத் தடவையும் சொதப்பினேன்னா, இன்னியோட விட்டுடறேன்" என்று அன்று காலையில்தான் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"அப்ப சாயங்காலத்திலேர்ந்து வீட்லதான் இருப்பீங்களா?" என்று கேட்டபோது அந்த அம்மாளின் குரலில் உண்மையான கவலை தெரிந்தது.

பெரிய கதவிலிருந்த சின்னக் கதவு திறந்தது. அந்தப் பக்கம் ஓர் உயரமான மனிதர், மார்போடு ஒரு பையை அணைத்தபடி நின்றார். கதவு திறந்தே இருந்தது. அவர் நகரவில்லை.

"வாடா நெட்டை, திறந்துதானே இருக்கு!" என்றார் காவலர்.

சொன்ன பிறகுதான் குனிந்து வெளியே வந்தார் நெட்டை. காவலர் "போயிட்டு வா" என்று பழக்கத்தில் ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டு, "போ... அப்படியே போயிடு" என்று முடித்தார்.

"வணக்கம் தம்பி! உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன். வண்டியில ஒரு சின்ன... வாங்க, நிழல்ல நிக்கலாம்."

"நிக்கலாமா சார்?"

"நிக்கலாம்."

"பையைக் கீழ வைக்கலாமா?"

"அட, உங்க பை தம்பி!"

என்ன வழக்கு, எதற்காக உள்ளே போனார் என்றெல்லாம் கேட்கக் கூடாது என்பது நிறுவனத்தின் முதல் விதி. வாத்தியாருக்குக் கேட்க நேரமும் இல்லை. கண்காணிப்பு அதிகாரி மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பதற்குள் முதல் நாள் கையெழுத்து விழுந்தாக வேண்டும். விழாவிட்டால் நிபந்தனையை மீறியதாக ஆகிவிடும். நெட்டை வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான்.

காவலரின் கைபேசியை வாங்கி வீட்டுக்குப் பேசினார் வாத்தியார். "ஏம்மா, மாற்றுச் சாவி எங்க இருக்கு?"

"இப்ப வண்டிக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கீங்களே, அதாங்க மாற்றுச் சாவி. நிஜச் சாவியைத்தான் போன வருஷமே தொலைச்சுட்டீங்களே!"

வாத்தியார் கலங்கவில்லை. எதிரே ஒரு பேருந்து வந்து நின்றது. வானத்தை அண்ணாந்து பார்த்தார். "சூரியன் அங்க. அப்ப கிழக்கு அது. நமக்கு வேண்டியது மேற்கு. ஏறுங்க தம்பி!"

பேருந்து மேற்கேதான் போனது. ஆனால் பேருந்துகளுக்குத் திரும்பும் பழக்கம் உண்டு என்பதைப் புவியியல் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. டிக்கெட்டை நெட்டைதான் எடுத்தார். ஜன்னலோரத்தில் உட்கார அனுமதி கேட்டு, உட்கார்ந்து, கடைகளையும் மரங்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே வந்தார்.

"நாளைக்கு என் பொண்ணு பார்க்க வரா சார்" என்றார் திடீரென்று. "விடுதிக்கு. இத்தனை வருஷமும் கம்பிக்கு அந்தப் பக்கமாத்தான் பார்த்திருக்கா. நாளைக்குக் கிட்ட உட்கார்ந்து பேசலாம்னு எழுதியிருந்தா."

வாத்தியார் அவர் தோளைத் தட்டினார். "கட்டாயம் பேசுவீங்க தம்பி. நான் எதுக்கு இருக்கேன்?"

கொஞ்ச நேரம் கழித்து நெட்டை மறுபடி கூச்சத்தோடு திரும்பினார்.

"ஒண்ணு கேக்கலாமா சார்?"

"தாராளமா."

"அந்த மதில்... எனக்குத் தெரிஞ்ச மதில் மாதிரி இருக்கு."

வாத்தியார் எட்டிப் பார்த்தார். வட்டம் அடிக்கும் பேருந்து. சிறைச்சாலை வாசலிலேயே கொண்டுவந்து, மணியடித்து, மரியாதையாக இறக்கிவிட்டது.

"என்னடா நெட்டை," என்று காவலர் எழுந்தே நின்றுவிட்டார், "அதுக்குள்ள எங்க ஞாபகம் வந்துடுச்சா?"

நெட்டை சிரிக்கவில்லை. மதிலைப் பார்த்தபடி பையை மறுபடி மார்போடு இறுக்கிக்கொண்டார். அதைப் பார்த்ததும் வாத்தியாருக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

"வாடகைக் காருக்குச் சொல்லட்டுமா சார்?" என்றார் காவலர்.

"அது வந்து சேர்றதுக்குள்ள அதிகாரி சாப்பிட்டுக் கையே கழுவிடுவார். இப்பதான் ஞாபகம் வருது, என் வண்டியில டிக்கி சரியா பூட்டாது. அது வழியா உள்ள போய், பின் சீட்டைத் தள்ளிட்டு, சாவியை எடுத்துடறேன்."

"நான் வேணா போகட்டுமா சார்?" என்றார் நெட்டை.

"கூடவே கூடாது! வெளிய வந்த அன்னிக்கே அடுத்தவன் வண்டிக்குள்ள டிக்கி வழியா நுழையறதா? யாராவது பார்த்தா என்ன ஆகும்?"

சொல்லிவிட்டுத் தானே நுழைந்தார். வாத்தியாரின் உடம்பு பென்சில் மாதிரி. நடுவில் மட்டும் யாரோ உருண்டையாக அழிரப்பரைக் கட்டிவிட்டதுபோல ஒரு தொப்பை. பென்சில் உள்ளே போயிற்று. அழிரப்பர் சீட்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. வெளியே இரண்டு கால்கள் மட்டும் காற்றில் சைக்கிள் ஓட்டின.

காவலர் உதவிக்கு ஓடிவர எழுந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, சின்னக் கதவுக்குள் போய்விட்டார். அதே நேரம் பார்த்து ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்றது.

ஏட்டு இறங்கினார். டிக்கியைப் பார்த்தார். கால்களைப் பார்த்தார். பக்கத்தில் பையோடு நின்ற நெட்டையைப் பார்த்தார்.

"யாருது இந்தக் கால்?"

"வாத்தியாருதுங்க சார்."

"வாத்தியாரை எதுக்குடா டிக்கியில போட்ட?"

"நான் போடல சார். அவரேதான் போனார்."

"அவரேதான் போனாரா! சரி, நீ யாரு?"

நெட்டைக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. "இப்பதான் ஜெயில்லேர்ந்து வரேன் சார்."

ஏட்டு இடுப்பு லத்தியில் கை வைத்தார். உள்ளேயிருந்து வாத்தியார், "அவர் உத்தமர்! தப்பெல்லாம் என்னோடது!" என்று அலறினார். வெளியே கேட்டது "ம்ம்ம்! ம்ம்ம்ம்ம்!" மட்டும்தான். கடத்தப்பட்டவர்கள் வாயில் துணி அடைத்திருக்கும்போது போடும் அதே சத்தம்.

"ரெண்டு கையையும் தூக்கு!"

நெட்டையின் கைகள் பழக்கத்தில் தாமாகவே மேலே போயின. பை கீழே விழுந்தது. அப்போது டிக்கிக்குள் சத்தம் தேய்ந்துகொண்டே வந்து, "ம்..." என்று நின்றது. சைக்கிள் ஓட்டிய கால்களும் ஓய்ந்தன.

நெட்டை கால்களைப் பார்த்தார். ஏட்டைப் பார்த்தார். தூக்கிய கைகளைக் கீழே இறக்கினார்.

"சார், என்னை அப்புறமா விசாரிங்க. நான் எங்கயும் ஓடமாட்டேன். அவருக்கு மூச்சு முட்டுது. மொதல்ல நீங்க அந்தக் காலைப் பிடிங்க. நான் இந்தக் காலைப் பிடிக்கறேன். நான் சொன்னதும் இழுங்க. ம்... இழுங்க!"

அந்தக் குரலுக்கு ஏட்டு ஏன் கட்டுப்பட்டார் என்று அவருக்கே தெரியாது. இழுத்தார். வாத்தியார் பாட்டில் மூடிபோலச் சத்தத்தோடு கழன்று வந்து புழுதியில் உட்கார்ந்தார். ஒரு செருப்பு இல்லை. சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. கையில் சாவியும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு குடை இருந்தது.

"இதுதான் கைக்கு எட்டுச்சு" என்றார்.

"சார், தண்ணி!" என்று நெட்டை ஜீப்பிலிருந்த பாட்டிலைக் கேட்காமலே எடுத்து வாத்தியாரின் வாயில் ஊற்றினார். சின்னக் கதவிலிருந்து ஓடிவந்த காவலர், "ஐயா, இவர் நம்ம தொண்டு நிறுவனத்து வாத்தியார்தான். இவர் வந்தாலே இப்படித்தான்" என்று சாட்சி சொன்னார்.

ஏட்டு வாத்தியாரிடம் அடையாள அட்டை கேட்டார். அதுவும் காருக்குள்தான். "அப்ப ஸ்டேஷனுக்கு வாங்க. உங்களுக்காக யாராவது பொறுப்பு ஏத்துக்கணும்."

"நான் ஏத்துக்கறேன் சார்" என்றார் நெட்டை. "எனக்குத் தெரிஞ்சவர்தான். ரொம்ப நல்லவர். தனியா விட்டாத்தான் ஆபத்து. ஆனா ஸ்டேஷன் வேணாம் சார். கண்காணிப்பு அலுவலகத்துக்கு வண்டியை விடுங்க. அதிகாரி எழுந்திருக்கறதுக்குள்ள நான் கையெழுத்துப் போடணும். இவர் யாருன்னு அவரே உங்களுக்குச் சொல்லுவார். ரெண்டு வேலையும் ஒரே நடையில முடிஞ்சுடும்."

ஏட்டு ஜீப்பில் ஏறினார்.

சைரன் முழங்க ஜீப் பறந்தது. வாத்தியார் ஒற்றைச் செருப்போடும் குடையோடும் பின்னால் உட்கார்ந்து நெட்டையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"சார், குடையை மடக்குங்க. கண்ணுல குத்துது."

அதிகாரி மேசையை விட்டு எழுந்து, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிய நொடியில் நெட்டை உள்ளே நுழைந்தார். ஒரு கையில் பை, மறுகையில் வாத்தியார். கையெழுத்து விழுந்தது. வாத்தியார் யார் என்பதை அதிகாரி ஏட்டுக்கு ஒரே பெருமூச்சில் விளக்கினார்.

"எங்க தங்கப்போறீங்க?" என்று அதிகாரி கேட்டார். பதில் சொல்லவேண்டிய வாத்தியார் மோட்டுவளையைப் பார்த்தார். நெட்டையே விடுதியின் பெயரையும் தெருவையும் சொன்னார்.

"நான் ஒரு விஷயம் சொல்லணும் சார்" என்றார் பிறகு. சொல்லலாமா என்று கேட்கவில்லை. "இவரை முதல்ல வீட்ல சேர்த்துட்டு, அப்புறம் நான் விடுதிக்குப் போயிக்கறேன். வரும்போது வழியில பூட்டுக் கடை பார்த்தேன். வண்டியைத் திறக்கப் பூட்டுக்காரரைக் கையோட அழைச்சுக்கிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் இவரை இங்கயே உட்கார வைங்க. எங்கயும் போகாம யாராவது பார்த்துக்கணும்."

அதிகாரி முகத்தில் சிரிப்பு வராமல் காப்பாற்றிக்கொண்டு தலையசைத்தார். நெட்டை கதவைத் தள்ளிக்கொண்டு, நீள நீளமாக எட்டு வைத்துத் தெருவில் இறங்கிப் போனார்.

வாத்தியார் வராந்தா பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்தார். அலுவலக உதவியாளர் அம்மாள் தேநீர் கொண்டுவந்து கையில் கொடுத்தார். கொட்டிவிடப் போகிறாரே என்று டம்ளரை அரைவாசிதான் நிரப்பியிருந்தார்.

"இன்னியோட விட்டுடறேம்மா" என்றார் வாத்தியார். கண் கலங்கியிருந்தது. "கடவுள் புண்ணியத்துல அந்தத் தம்பி என்னைக் காப்பாத்தினார். என்னால அவர் திரும்ப உள்ள போயிருப்பாரு, நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து ஏமாந்திருக்கும். உதவி பண்றேன்னு வந்து, எல்லாருக்கும் நான்தான் பாரமா இருக்கேன். உங்க அதிகாரிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. இனிமே என்னை அனுப்ப வேணாம்னு."

அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லா விட்டீங்க போங்க! உள்ளேயிருந்து வர்றவங்கள்ல யாரு ரொம்ப ஒடுங்கிப்போய், மூச்சு விடக்கூட உத்தரவு கேட்டுக்கிட்டு நிக்கறாங்களோ, அவங்களை மட்டும் பொறுக்கியெடுத்து, 'வாத்தியார்கிட்ட ஒரு நாள் விடுங்க, அவரைக் கட்டி மேய்ச்சாலே சாயங்காலத்துக்குள்ள ஆளாயிடுவாங்க'ன்னு எங்க அதிகாரிதானே சார் உங்களைக் கேட்டு வாங்கறார்!"