மூன்றாவது கோடு

டைல்ஸ் மேஸ்திரி காலை ஆறரை மணிக்குச் சமையலறைச் சுவரின் முன் ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றார். சுவரின் நடுவில் அவரே அப்போதுதான் மார்க்கர் பேனாவால் வைத்த கறுப்புப் புள்ளி. புள்ளிக்கு மேலே, டைல்ஸ் வரிசைகளுக்கு நடுவே ஓடுகிற மூன்றாவது கோடு லேசாக வளைந்து தொங்கியது.

வலக்கண்ணை மூடினார். வளைவு. இடக்கண்ணை மூடினார். அதே வளைவு. இதென்னடா வம்பு என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். வளைவு முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

விஷயம் இதுதான். போன வாரம் கண் டாக்டர், வயதானால் வருகிற விழித்திரைத் தேய்மானத்தின் ஆரம்பப் புள்ளிகள் இருப்பதாகச் சொல்லி, கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்திருந்தார். தினமும் படிக்கிற கண்ணாடி போட்டு, ஒவ்வொரு கண்ணாக மூடி, நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். எந்தக் கோடாவது வளைந்தாலோ மறைந்தாலோ அன்றைக்கே ஓடி வர வேண்டும். மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷமாகக் கட்டம் போட்டே சோறு தின்கிற மனுஷனுக்கு அச்சடித்த கட்டமா? சொந்தக் கையால் போட்ட சுவர் இருக்கும்போது தாள் எதற்கு என்று அதைச் சுருட்டி அலமாரிக்குள் போட்டுவிட்டார்.

இப்போது சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை மியூசியம் ஹாலில் தரை வேலை ஆரம்பம். நாலாயிரம் டைல்ஸ், அவர் வாழ்க்கையிலேயே பெரிய வேலை. கோடு வளைந்து தெரிகிற கண்ணை வைத்துக்கொண்டு அதை எப்படிப் போடுவது?

ஆனாலும் ஆள் குடைந்து பார்க்கிற ரகம். இரண்டடி தள்ளி இன்னொரு புள்ளி வைத்துப் பார்த்தார். வளைவு பழைய இடத்திலேயே இருந்தது. ஸ்டூல் மேல் ஏறிப் பார்த்தார், குந்திப் பார்த்தார், மனைவியின் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். வளைவு அசைந்து கொடுக்கவில்லை. சரி, நோய் நன்றாக முற்றிவிட்டது என்று முடிவு கட்டினார். நேர் பார்க்கிற ரசமட்டம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் தான் போட்ட சுவரில் தானே ரசமட்டம் வைத்துப் பார்ப்பதைப் போல ஒரு அவமானம் உண்டா, சொல்லுங்கள்.

மனைவியிடம் சும்மா கேட்பது போல, "அந்த மூணாவது கோடு நேரா இருக்கா?" என்றார்.

தம்ளர் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே, "நேராத்தான் இருக்கு. தள்ளுங்க, பால் பொங்கப் போகுது" என்றாள்.

திரும்பாமலே இவளுக்கு நேராகத் தெரிகிறதே என்று மேஸ்திரி மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார்.

மறுநாள் வீட்டுக்கு வந்த மகளிடம் கேட்டார். மகள் கோட்டைப் பார்ப்பதற்கு முன் அம்மாவைப் பார்த்தாள். அப்புறம், நேர் என்றாள். மேஸ்திரிக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டு ஆட்கள் பூசி மெழுகுவார்கள். முகத்துக்கு நேரே உண்மையைப் போட்டு உடைக்கிற ஆள் வேண்டும்.

அப்படி ஒருவன் இருந்தான். மனைவியின் தங்கை புருஷன், மகளுக்குச் சித்தப்பா. அவனும் டைல்ஸ் மேஸ்திரி. சகலைகள் இருவருக்கும் இருபது வருஷமாக ஏழாம் பொருத்தம். ஒருவர் போட்ட தரையில் மற்றவர் கோலிக்குண்டை உருட்டிப் பார்ப்பார். தன் வேலையில் மயிரிழைக் கோணல் கிடைத்தாலும் இவன் ஊரைக் கூட்டிவிடுவான் என்று மேஸ்திரிக்கு அவ்வளவு நம்பிக்கை.

சகலை வந்து வெகுநேரம் சுவரைப் பார்த்தான்.

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கு அண்ணே" என்றான். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டான்.

இவனே பாராட்டுகிறான் என்றால் போனது கண்தான், சந்தேகமே இல்லை. மேஸ்திரி அங்கேயே உட்கார்ந்து, அழாத குறையாக, மியூசியம் வேலையை அவனையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் அண்ணே என்று அவன் இரண்டு தரம் சொன்னான். மூன்றாம் தரம் சொல்லவில்லை. மேஸ்திரியே இஞ்சினியருக்குப் போன் போட்டு, என்னைவிட அவன் கை சுத்தம் என்றார்.

புதன்கிழமைதான் மகளுக்கு இது தெரிந்தது. அதற்குள் மியூசியத்தில் ஆயிரம் டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. அவள் அப்பாவைக் கையோடு கண் டாக்டரிடம் இழுத்துப் போனாள். சொட்டு மருந்து, விளக்கு, படம் எல்லாம் ஆயிற்று. சுவர்க் கதையையும் கேட்டுக்கொண்டு டாக்டர் ஒரு கட்டத் தாளை நீட்டினார். இரண்டு கண்ணுக்கும் எல்லாக் கோடும் நேராக நின்றன.

"போன தடவை எடுத்த படத்துக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்லை" என்றார் டாக்டர். "கண்ணுல கோளாறுன்னா நீங்க எங்க பார்த்தாலும் வளைவு கூடவே வரும். இது ஒரே இடத்துல நிக்குதுன்னா, கோணல் சுவத்துலதான். இனிமேலாவது தாளைப் பாருங்க."

கண் பிழைத்த சந்தோஷம் மேஸ்திரிக்கு அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. தான் போட்ட சுவராவது, கோணலாவது? பதிமூன்று வருஷமாக அந்தச் சுவரைக் காட்டித்தானே அவர் வேலை பிடித்தார். டாக்டரிடமே மல்லுக்கு நின்றார்.

மகள் அவர் தோளில் கை வைத்தாள்.

"அப்பா, போன மாசம் நீங்க வெளியூர் போயிருந்தப்ப அந்த வரிசை பேந்து விழுந்துடுச்சு. உங்க மனசு உடைஞ்சுடும்னு அம்மா சொல்லலை. சித்தப்பாவைக் கூப்பிட்டுத்தான் ஒட்டினாங்க."