மாயாண்டிக்கு மகப்பேற்று விடுமுறை

இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே இருக்கும் கிரேன்வெல் தேயிலைத் தோட்டத்தில் மரணம் ஒழிக்கப்பட்டது 1988ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில். மருத்துவ உலகம் இந்தச் சாதனையை இன்றுவரை அங்கீகரிக்கவில்லை. பொறாமைதான், வேறென்ன?

இந்தப் பெருமையில் பாதி தோட்ட நிர்வாகியான பெரிய துரைக்கும், பாதி லியனார்ட்டுக்கும், மிச்சம் முழுவதும் தலைமைக் கிளாக்கர் யேசுரட்ணத்துக்கும் உரியது.

தோட்டத்துக்குக் கொம்பியூட்டர் வந்து அப்போது இரண்டு மாதம். அதை வைத்து என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாததால் பூப்போட்ட துணியால் மூடி, மரியாதையாக வைத்திருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த விற்பனையாளர் லியனார்ட்தான் அந்தத் துணியை விலக்கியவர்.

"இதுக்குள்ள செக்ரோலையே ஏத்திடலாம் சேர். நல்ல புரோகிராம் ஒன்று இருக்கு" என்றார் துரையிடம்.

செக்ரோல் என்பது தொழிலாளர் பெயர்ப் புத்தகம். அதில் பேர் பதிந்தவருக்கு நிரந்தர வேலையும் லயத்தில் குடியிருக்க ஒரு காம்பராவும் உண்டு. பதியாதவருக்குக் கூப்பிட்ட நாளில் வேலை, கூப்பிடாத நாளில் வானம்.

"விலையில எழுபத்தைந்து வீதம் கழிவு, சேர். ஆனா இன்றைக்குப் பின்னேரம் நாலு மணி மட்டும்தான்."

கழிவு என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. துரை படித்த தமிழில் ஒன்றுதான் இருந்தது. அவர் பேனாவைத் திறந்தார். லியனார்ட் இருபத்திரண்டு பக்க அனுமதிப் பத்திரத்தை விரித்தார். எழுத்துகள் எறும்பைவிடச் சிறியவை.

"ஒருக்கா வாசிச்சுப் பாத்துட்டு வைக்கலாமே சேர்?" என்றார் யேசுரட்ணம்.

"கிளாக்கர், மணி மூணே முக்கால்!"

துரை கையெழுத்து வைத்தார். அதற்குக் கீழே 'பதிவுபெற்ற பாவனையாளர்' என்ற இடத்தில் யேசுரட்ணமும் வைத்தார். இருபத்தாறு வருடம் பேரேடு எழுதிய மனிதருக்கு வெளிநாட்டுப் பத்திரம் ஒன்றில் தன் பேரைப் பார்த்ததும் நெஞ்சு நிமிர்ந்தது. அன்றிரவு மனைவி ஜோசப்பின் அவருக்கு ஒரு முட்டை கூடுதலாகப் பொரித்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பத்திரத்தை வாசித்தார். புரோகிராமை யேசுரட்ணம் தவிர வேறெவரும் தொடலாகாது. நானூறு பெயர்களுக்கு மேல் ஏற்றலாகாது. ஏற்றிய பெயரை அழிக்கக் கூடாது; கம்பனி சம்மதமில்லாமல் மாற்றவும் கூடாது. அதே விபரத்தை வேறு புத்தகத்தில் எழுதி வைப்பதும் குற்றம்.

தோட்டத்தில் அன்று பேர் பதிந்திருந்தவர்கள் சரியாக நானூறு பேர். கடவுளே கூட்டிக் கழித்துக் கொடுத்ததுபோல் அமைந்திருந்தது. யேசுரட்ணம் ஒற்றை விரலால் ஒன்பது நாள் தட்டி அத்தனை பேரையும் உள்ளே ஏற்றினார். பழைய புத்தகத்தை ஸ்டோரில் வைத்துப் பூட்டினார்.

பத்தாம் நாள், மலையில் வடிகால் கான் வெட்டிக்கொண்டிருந்த மாயாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தோட்டமே திரண்டு போய் அடக்கம் செய்தது. கொம்பியூட்டருக்கு மட்டும் சேதி போகவில்லை.

மறுநாள் காலை, ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் கங்காணி அழகுமுத்து புதிய அச்சுத் தாளைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்.

"மாயாண்டி!"

மாயாண்டியின் மகன் தலையைக் குனிந்துகொண்டான். கங்காணி தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் ஏதும் விளக்கம் இருக்குமோ என்று.

அந்த வாரமே மாயாண்டியின் மருமகள் நாகலெட்சுமி ஒப்பீசுக்கு வந்தாள். நோர்வூட்டிலிருந்து வாழ வந்தவள். இரண்டு வருடமாகப் பேர் பதியாமல் கொழுந்து பறிப்பவள்.

"மாமா எடம் காலியாத்தானே கெடக்குங்க ஐயா. எம் பேரப் பதிஞ்சிருங்களேன்."

நியாயமான கேள்வி. யேசுரட்ணம் கொழும்புக்கு டெலிபோன் எடுத்தார்.

"பெயர் மாற்றமா? செய்யலாமே மிஸ்டர் யேசுரட்ணம்" என்றார் லியனார்ட். "பழைய ஆள் சம்மதம் எண்டு ஒரு கடிதத்தில கையொப்பம் வைக்க வேணும்."

"அவரு செத்துப் போயிட்டாருங்க."

"அதுக்கென்ன? அவசரமில்லை. ஆறுதலா அனுப்பச் சொல்லுங்கோ."

பிரச்சினை துரையிடம் போனது. நிர்வாகத் திறன் என்பது என்னவென்று அன்று அவர் காட்டினார். "இங்க ஆள் இருக்கு, பேர் இல்ல. அங்க பேர் இருக்கு, ஆள் இல்ல. ரெண்டும் சேர்த்துப் போடு கிளாக்கர்!"

அடுத்த நாளிலிருந்து "மாயாண்டி!" என்று கங்காணி கூப்பிட்டால், பெண்கள் வரிசையிலிருந்து "வந்திருக்கேங்க!" என்று கணீரென்று குரல் வந்தது. முதல் வாரம் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் பழகிவிட்டது. மூன்றாம் மாதம் அதிகக் கொழுந்து பறித்தவர் என்று கொம்பியூட்டர் அறிவித்த பேர் மாயாண்டி, ஆண், வயது ஐம்பத்தெட்டு. உயிரோடு இருந்த காலத்தில் அவர் ஒருநாளும் இப்படி உழைத்ததில்லை. துரை அந்தத் தாளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

செப்டம்பரில் நாகலெட்சுமி மறுபடியும் வந்து நின்றாள். வயிறு அவளுக்கு முன்னால் வந்து நின்றது.

"ஏழு மாசம் ஐயா. லீவு எழுதணுங்க."

யேசுரட்ணம் தட்டினார். மாயாண்டி, மகப்பேற்று விடுமுறை. கொம்பியூட்டர் 'பீப்' என்றது. மறுபடி தட்டினார். கொஞ்சம் கோபமாக 'பீப்' என்றது. கொழும்புக்கு டெலிபோன் போயிற்று.

"அந்த வசதி முழு விலை புரோகிராமில இருக்கு மிஸ்டர் யேசுரட்ணம்" என்றார் லியனார்ட். "கழிவு விலையில ஆம்பிளையளுக்குப் பிரசவம் வராது."

லீவு இல்லாமல் முப்பது நாள் வேலைக்கு வராமல் நின்றால் 'வேலையை விட்டவர்' என்று புரோகிராம் தானாகவே தீர்ப்பு எழுதிவிடும். மாயாண்டி பேரிலிருந்த காம்பராவும் கையை விட்டுப் போகும். துரை ஐந்து நிமிடம் கண்ணை மூடி யோசித்தார்.

"வயித்துல கட்டின்னு எழுது. கட்டி ஆம்பிளைக்கும் வரும்."

யேசுரட்ணம் தட்டெழுத்துப் பலகையில் விரலை வைத்தார். நாகலெட்சுமி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, மாமா பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க, வந்தேன். இந்த ஆறு மாசமா எம் பேர என் வீட்டுக்காரரத் தவிர யாரும் கூப்பிட்டதில்ல. அதயும் பொறுத்துக்கிட்டேன். எம் புள்ளயக் கட்டின்னு எழுதாதீங்க."

யேசுரட்ணத்தின் விரல் அப்படியே நின்றது. அவருக்கும் மூன்று பிள்ளைகள். ஒவ்வொன்றின் பேரையும் ஞானஸ்நானப் புத்தகத்தில் பாதிரியார் எழுதும்போது எட்டி எட்டி எழுத்துப் பிழை பார்த்தவர் அவர்.

எழுந்து ஸ்டோருக்குப் போனார். பட்டப்பகலில், ஒப்பீசுப் பையன்கள் எல்லாரும் பார்க்க, பூட்டைத் திறந்தார். பழைய செக்ரோலைத் தூசி தட்டி மேசைமேல் விரித்து, நீல மையால், மாயாண்டி பேரைக் குறுக்கே கோடிழுத்து அடித்தார். கீழே 'நாகலெட்சுமி, பெண்' என்று எழுதினார். பக்கத்தில் 'மகப்பேற்று விடுமுறை' என்றும் எழுதினார். புத்தகம் 'பீப்' என்று சொல்லவில்லை.

"போயிட்டு வாம்மா நாகலெட்சுமி" என்றார். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கிரேன்வெல்லின் நவீன வரலாற்றில் நடந்த முதல் குற்றம் அதுதான். நவம்பர் கடைசியில் பரிசோதனைக்கு வந்த லியனார்ட் மேசைமேலிருந்த புத்தகத்தைப் பார்த்ததும், பாம்பைக் கண்டவர்போல் பின்வாங்கினார். பையிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்துச் சொருகினார். கொம்பியூட்டர் ஒரேயடியாக ஊமையாயிற்று. மாயாண்டிக்கு அன்றுதான் உண்மையான ஓய்வு கிடைத்தது.

"சரி, வேற கம்பனியில வாங்கிக்கொள்றேன்" என்றார் துரை.

"பத்து வருஷத்துக்கு ஏலாது சேர். பதினெட்டாம் பக்கம்."

"அப்போ இதைத் திருப்பி எடு."

"எடுக்க ஏலாது சேர். பத்தொன்பது. வருஷக் கட்டணமும் கட்டத்தான் வேணும். அது இருபது."

லியனார்ட்டின் கார் இறங்கிப் போன பிறகு, துரை ஒப்பீசு வாசல் படியில் உட்கார்ந்தார். துரைமார் படியில் உட்கார்வதைத் தோட்டம் அதுவரை கண்டதில்லை. யேசுரட்ணம் பக்கத்தில் நின்றார். பிள்ளைப் பிறப்பைப் பதிய வந்த நாகலெட்சுமி, கைக்குழந்தையோடு தள்ளி நின்றாள்.

"வாசிக்காமல் வைத்த ஒரே ஒரு கையெழுத்து!" துரை தலையில் கை வைத்துக்கொண்டார். "இனி விட்டுப் போக ஏலாது, வேற இடம் தேட ஏலாது. அவன் சொல்றதெல்லாம் சட்டம். வருஷா வருஷம் நாம கட்டணும். மனுசனுக்கு மனுசன் செய்ற வேலையா இது கிளாக்கர்?"

நாகலெட்சுமிக்குப் பாவமாக இருந்தது. பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, ஆறுதலாகச் சொன்னாள்:

"மனச விட்டுறாதீங்க தொரை. எங்க ஆளுங்களும் இந்தத் தோட்டங்களுக்குன்னு இந்தியாவுலருந்து கப்பலேறுறப்ப இப்படித்தான், என்னா எழுதியிருக்குன்னு தெரியாமலே கைநாட்டு வச்சாங்களாம். மொதல்ல கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும். ஒரு நூத்தம்பது வருசம் போனா பழகிரும்."