எர்த்து அண்ணாச்சி வீட்டுக் கல்யாணம்

பூமியில் நடக்கிறவர்களில், காலுக்குக் கீழே மண்ணுக்குள் என்ன போகிறது என்று ஒவ்வோர் அடிக்கும் கவலைப்பட்டுக்கொண்டே நடக்கிற மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். சுசீந்திரத்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரர். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய உரிமத்தில் இருக்கிறது. மற்றபடி ஊருக்கெல்லாம் அவர் எர்த்து அண்ணாச்சி.

காரணம் சாதாரணமானது. எந்த வீட்டுக்குள் போனாலும் "சொகமா இருக்கியளா?" என்று கேட்பதற்கு முன்னால் "எர்த்து இருக்கா?" என்று கேட்பார். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற எர்த்து வயரைத்தான் கேட்கிறார். இருக்கிறது என்றால் நம்ப மாட்டார். இல்லை என்றால் அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். காபி கொடுத்தால் டம்ளரோடு எழுந்துபோய் மெயின் பெட்டியைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, அங்கேயே நின்று பெருமூச்சு விட்டுக் குடிப்பார். அவர் முழுசாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கோடை வந்துவிட்டால் இன்னும் மோசம். மண் காய்ந்தால் எர்த்து வேலை செய்யாது என்று, தெருவில் தான் வயரிங் செய்த வீடுகளின் எர்த்துக் குழிக்கெல்லாம் காலையில் வாளியோடு போய்த் தண்ணீர் ஊற்றுவார். எங்கள் வீட்டில் துளசி வாடியது, எர்த்துக் குழி வாடவில்லை.

அவர் பரீட்சை எழுதி, சான்றிதழ் வாங்கி, முறைப்படி உரிமம் எடுத்த மின் ஒப்பந்தக்காரர். உரிமத்துக்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை சாமி படங்களுக்குப் பிச்சிப்பூ வைக்கும்போது அவர் மனைவி, எங்களுக்கு மதினி, அதற்கும் ஒரு துண்டு வைத்துவிடுவார். "வைக்கலேன்னா அந்த மனுசன் மூஞ்சிய மூணு நாளைக்குப் பாக்க முடியாது" என்பார்.

ஒருமுறை பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேர நேரமாகும் என்று குளிர்பெட்டி வரவழைத்துக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். மாலையோடு வந்த எர்த்து அண்ணாச்சி, இறந்தவரின் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியிலிருந்து போகிற வயரைப் பார்த்துக்கொண்டே சுவர் வரைக்கும் போனார். பிளக்கின் எர்த்துப் பின்னை யாரோ முறித்துவிட்டிருந்தார்கள். மாலையை என் கையில் திணித்தார்.

"எல்லாரும் கைய எடுங்க! பெட்டிய ஒருத்தரும் தொடப்பிடாது!"

மூத்த மகன் சிவந்த கண்ணோடு எழுந்து வந்தான். "அண்ணாச்சி, இது சாவு வீடு."

"அதுக்குத்தான் மக்கா சொல்லுகேன். செத்தவரு செத்தாச்சு. தொட்டு அழுகவங்களாவது உசுரோட இருக்கண்டாமா?"

வேறு பிளக் மாட்டி, சோதித்துப் பார்த்து, "இனி அழுங்க" என்று அனுமதி கொடுத்த பிறகுதான் மாலை போட்டார். பெட்டி கொண்டுவந்தவன் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வருவதென்றால், முதலில் போன் பண்ணி அண்ணாச்சி ஊரில் இருக்கிறாரா என்று விசாரிப்பானாம்.

இப்படிப்பட்டவருக்குப் போட்டியாக ஒருவன் வந்தான். வந்தது வெளியிலிருந்து அல்ல, சொந்த மச்சினன். மதினியின் தம்பி. மஸ்கட்டில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியதால் அவன் பெயரும் மஸ்கட் ஆகிவிட்டது. அங்கே ஏதோ ஒரு கட்டடத்தில் எலக்ட்ரீஷியனுக்கு ஏணி பிடித்திருக்கிறான். ஊருக்கு வந்ததும் ஏணியில் ஏறிவிட்டான். பரீட்சை இல்லை, உரிமம் இல்லை. வாசனையான சட்டையும் வாய் நிறையச் சிரிப்பும் இருந்தன.

சனங்கள் மஸ்கட்டைத் தேடிப் போனதில் ஆச்சரியமே இல்லை. ஒரு விளக்குப் பாயின்ட் கேட்டால் எர்த்து அண்ணாச்சி வீட்டையே உடைக்கச் சொல்வார். "இந்த வயரு தாங்காது, மாத்தணும். அந்தப் பெட்டி செரியில்ல, மாத்தணும். இங்க எவன் சோலி செஞ்சான்? அவனையும் மாத்தணும்." மஸ்கட்டிடம் போனால், "அதுக்கென்ன சாரே, ஜோராச் செய்வோம்" என்பான். கூடத்தில் கூரைக்குக் கீழே இன்னொரு கூரை போட்டு, நிறம் மாறுகிற விளக்கு வைத்து, செல்போனில் அமுக்கி எரியவைத்துக் காட்டுவான். வீட்டுக்காரி சந்தோஷத்தில் மீன்குழம்பும் சோறும் போட்டு அனுப்புவாள். அண்ணாச்சிக்கு அந்தத் தெருவில் கறிவேப்பிலைகூடக் கிடைக்காது.

புது வீட்டுக்கு மின் இணைப்பு வாங்க, உரிமம் உள்ளவர் கையெழுத்துப் போட்ட வேலை முடிப்பு அறிக்கை வேண்டும். மஸ்கட் வேலை செய்த வீட்டுக்காரர் ஒருவர், வாழைத்தார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சியிடம் வந்தார். நானும் அங்கே நின்றிருந்தேன்.

"ஒரு கையெழுத்துதானே அண்ணாச்சி. உங்க மச்சினன் செஞ்ச சோலிதானே, அன்னியமா?"

"சோலி அவனுக்க, கையெழுத்து எனக்கயா?"

"எல்லாவனும் போட்டுக் குடுக்கானே."

"செரி, போடுகேன். நீரு உம்ம பிள்ளைக்குக் காதுல ஆபரேசன் பண்ணணும்னு வையும். பண்ணுகது கசாப்புக்கடைக்காரன். கையெழுத்து மட்டும் டாக்டருக்க. கூட்டிட்டுப் போவீரா வே?"

வந்தவர் வாழைத்தாரோடு திரும்பிப் போனார். கையெழுத்து வேறெங்கோ கிடைத்துவிட்டது. வீட்டுக்குக் கரண்டும் வந்தது. அண்ணாச்சி அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் எதிர்ப்பக்க ஓரமாக, ஓடையை ஒட்டி நடந்தார்.

பிறகு மச்சினன் மீது மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டார். ஒரு நாள் அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். நேர்மையான மனிதர்தான். ஆனால் எங்கள் சனங்களை அவருக்குத் தெரியாது. மஸ்கட் அப்போது ஒரு வீட்டில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தான். கழுத்தில் வயர்ச் சுருள், வாயில் ஸ்குரூ டிரைவர்.

"இங்க என்னப்பா பண்றே?"

"பெயின்ட் அடிக்கேன் சார்."

வீட்டுக்காரர், "ஆமா சார், பெயின்டர்" என்றார். வீட்டுக்காரி இன்னும் ஒரு படி மேலே போய், "கலருகூடப் பாத்தாச்சு சார், சந்தனக் கலரு" என்றாள். அதிகாரி வயரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், யாரும் எதிராகச் சொல்லாததால் போய்விட்டார். அன்று எர்த்து அண்ணாச்சி வீட்டில் மதினி அடுப்புப் பற்ற வைக்கவில்லை. "எனக்கக் கூடப்பிறந்தவன போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கப் பாத்தியளே" என்ற குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது. "போலீசு இல்லட்டீ, இன்ஸ்பெக்சன்!" என்ற பதிலும் கேட்டது.

இந்த நிலைமையில்தான் அண்ணாச்சியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூரில் வேலை. அவனுடைய அப்பா, வடசேரியில் வாழைக்காய் மொத்த வியாபாரி. தாய்மாமன் மஸ்கட் அக்காள் வீட்டுக்கு வந்து கூடத்தின் நடுவில் நின்று சொன்னான்: "மருமவளுக்கு எனக்கச் சீரு, மண்டபம் முழுக்க லைட் அலங்காரம். நான்தான் செய்வேன்."

அண்ணாச்சி பதில் சொல்லுவதற்குள் மதினி முந்திக்கொண்டார். "அவன் செய்யட்டும். நீங்க கல்யாணத்தன்னைக்கு பொண்ணுக்கு அப்பனா மட்டும் இருந்தாப் போரும். டெஸ்டரு மடியில இருக்கப்பிடாது. சத்தியம் பண்ணுங்க."

அண்ணாச்சி மகளைப் பார்த்தார். அவள், "அப்பா, ஒரு நாளைக்குத்தானே" என்றாள். சத்தியம் பண்ணினார்.

கல்யாணத்தன்று காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. மண்டப வாசலில் மஸ்கட் பெரிய இரும்பு ஆர்ச் நிறுத்தி, அதன்மேல் பூவும் சீரியல் பல்புமாகச் சுற்றியிருந்தான். பல்பாலேயே செய்த மயில் ஒன்று தோகை விரித்து மடக்கிக்கொண்டிருந்தது. சனம் வாய்பிளந்தது. பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாக நின்ற எர்த்து அண்ணாச்சி மட்டும் மயிலைப் பார்க்காமல் நனைந்த தரையைப் பார்த்தார். கை தானாகவே மடியைத் தடவியது. அங்கே டெஸ்டர் இல்லை. மதினி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

மாப்பிள்ளை வந்து இறங்கினார். எங்கள் பக்கத்து வழக்கப்படி, மணமகளின் தம்பி வாசலில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவ வேண்டும். ஆர்ச்சுக்குக் கீழே தாம்பாளம் வைத்தார்கள். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நின்றார். அந்த நேரத்தில், ஆர்ச்சில் அறுந்து தொங்கிய பூச்சரத்தைச் சரிபண்ணப் போன பூக்காரம்மா கையை வெடுக்கென்று உதறினார்.

"என்னமோ எறும்பு கடிச்சாப்பில இருக்கு."

பக்கத்தில் நின்ற எங்களுக்கு அது எறும்பு. அண்ணாச்சிக்கு அல்ல. அவர் கையிலிருந்த பன்னீர்ச் செம்பு தரையில் உருண்டது. "ஆரும் ஆர்ச்சத் தொடாதீங்க!" என்று கத்தியபடி மேடைக்குப் பின்னால் இருந்த மெயின் சுவிட்சை நோக்கி ஓடினார். நாதஸ்வரத்தில் அந்தச் சத்தம் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. மறுகணம் மண்டபம் இருண்டது. விசிறிகள் நின்றன. மயில் தோகையைப் பாதியில் மடக்கிக்கொண்டு செத்தது.

சம்பந்தி கொதித்துவிட்டார். "என்ன வே இது! மாப்பிள்ள வாசல்ல நிக்கும்போ வெளக்க அணைக்கியளா? அவமானப்படுத்துகியளா?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் வெளியே டபடபவென்று சத்தம். மண்டபத்து ஜெனரேட்டர்காரன் கடமை தவறாதவன். கரண்ட் போனால் கண்மூடித் திறப்பதற்குள் கொண்டுவருவேன் என்று பந்தயம் கட்டுகிறவன். கொண்டுவந்துவிட்டான். மயில் மறுபடியும் தோகை விரித்தது. கூட்டம் கைதட்டியது. அண்ணாச்சி மேடைக்குப் பின்னாலிருந்து, அவிழ்ந்த வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, "நிப்பாட்டுலே! நிப்பாட்டுலே!" என்று ஜெனரேட்டரை நோக்கி ஓடினார். பெண்ணைப் பெற்றவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

வாசலில் கால் கழுவுவது தொடங்கிவிட்டது. மாப்பிள்ளை ஒரு காலைத் தூக்கினார். தாம்பாளம் வழுக்கியது. பிடிமானத்துக்காகக் கை ஆர்ச்சை நோக்கிப் போனது.

அந்தக் கையைத் தட்டிவிட்டவர் மதினி. ஆரத்தித் தட்டோடு நின்றவர், தட்டைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்து, மாப்பிள்ளையை இடுப்போடு சேர்த்துப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் நனைந்த கோலத்தின்மேல் விழுந்தார்கள். குங்கும நீர் மாப்பிள்ளையின் பட்டுச்சட்டை முழுக்க.

ஜெனரேட்டர் நின்றது. மதினி எழுந்து, உறுமிக்கொண்டிருந்த சம்பந்தியைப் பார்த்துச் சொன்னார்:

"எனக்க வீட்டுக்காரரு சும்மா ஓட மாட்டாரு."

கணவரோடு அந்த விஷயத்தில் ஒரு நாளும் ஒத்துப்போகாத பெண் அவர். அவருக்கு மின்சாரமும் தெரியாது, ஆர்ச்சும் தெரியாது. அண்ணாச்சி ஓடிய ஓட்டம் மட்டும் தெரிந்திருந்தது.

எல்லோரையும் தள்ளி நிற்கவைத்துவிட்டு ஒரு நொடி கரண்ட் விட்டார்கள். மஸ்கட் தன் டெஸ்டரை இரும்பில் வைத்தான். சிவப்பாக எரிந்தது. மறுபடியும் அணைக்கச் சொல்லி, பூவைப் பிய்த்துப் பார்த்தான். வயர் இணைப்பு ஒன்றின்மேல் பரிசுப் பொட்டலத்துக்கு ஒட்டுகிற டேப் சுற்றியிருந்தது. மழையில் நனைந்து, பிரிந்து, செம்புக் கம்பி இரும்பின்மேல் படுத்திருந்தது.

பழியை வேறு யார் மேலாவது போட்டுவிட்டு அவன் தப்பியிருக்கலாம். ஆனால் சம்பந்தியிடம் நேராகப் போனான். "தப்பு எனக்கதான். அத்தான ஒண்ணும் சொல்லாதீங்க. நான் படிச்சு வந்தவன் இல்ல." சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான். சம்பந்தி மகனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். பிறகு, நடக்கட்டும் என்று மணவறையைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அத்தானும் மச்சினனும் வேட்டியை மடித்துக்கட்டி ஆளுக்கொரு ஸ்டூலில் ஏறி, சீரியல் பல்புகளை எல்லாம் கழற்றி வீசினார்கள். "இது எதுக்குலே?" "அழகுக்கு அத்தான்." "கழத்து." "இது?" "அதுவும் அழகுக்குத்தான்." "கழத்துலே!" மண்டபத்தின் சொந்த விளக்கும் விசிறியும் மட்டும் திரும்ப வந்தன. கதவுகளைத் திறந்துபோட்டார்கள். மாப்பிள்ளை கடன் வாங்கிய சட்டையில் உட்கார்ந்து, முகூர்த்தம் முடிவதற்குள் தாலி கட்டினார். மகளைத் தாரைவார்க்கும்போது அண்ணாச்சியின் விரல்கள் முழுக்கக் கருப்பு. மகள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மஸ்கட் மறுவாரமே உரிமத்துக்கான பரீட்சை எழுதப்போகிறேன் என்று வந்து நின்றான். அதற்கு முன் அனுபவச் சான்று வேண்டும். அண்ணாச்சி சிரிக்காமல் கேட்டார். "அனுபவம்னு என்னத்தப் போடச் சொல்லுக? ஆர்ச்சுக்குக் கரண்ட் குடுத்ததையா?" போடவில்லை. தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். நரை விழுந்த மச்சினன், பைக்குப் பின்னால் ஏணியைப் பிடித்தபடி போவதைத் தெரு பார்த்தது. ஒருமுறை தோற்று, மறுமுறை தேறினான். இப்போது அவனும் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மெயின் பெட்டியைத்தான் திறக்கிறான். "ஒருத்தரு போராதுன்னு ரெண்டா?" என்று தலையிலடித்துக்கொண்டு, சனங்கள் உரிமமில்லாத வேறொருவனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அத்தானும் மச்சினனுமாக அவனைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

மகளுக்கு இப்போது பேறுகாலம். அண்ணாச்சியும் மதினியும் கோயம்புத்தூர் போய் ஒரு மாதமாகிறது. எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது. நேற்று மதியம் போன் பண்ணினேன்.

"சொல்லு மக்கா! என்ன, ஒரு ஃபேஸ் கரண்டு போயிட்டா?"

"இல்ல அண்ணாச்சி."

"மோட்டாரு ஓடலியா?"

"ஓடுகு."

"பின்ன என்னத்துக்குலே விளிச்ச?"

"சும்மாதான். எப்ப வாறிய?"

வேலை எதுவும் இல்லாமல் அவரை யாரும் இதுவரை கூப்பிட்டதில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.