அப்பாதுரை போட்ட ஐந்து வருஷச் சட்டம்

கோபம் வந்தால் அப்பாதுரைக்கு முதலில் காது சிவக்கும். அன்றைக்கு இரண்டு காதும் சிவந்திருந்தன.

டிஸ்கில் இடமில்லை என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. இரும்புலியூரில் பாதிக் கல்யாணங்களைப் படம் பிடித்தவர் அவர். வீட்டு முன்னறையிலேயே ஸ்டூடியோ வைத்திருப்பவர். அவரைப் பார்த்து, அவர் காசில் வாங்கிய பெட்டி, இடமில்லை என்று சொல்வதா? பஸ் கண்டக்டர்கூட இதைவிட மரியாதையாகச் சொல்வார்!

"ரமா! இங்க வா!"

"அடுப்புல கொழம்பு இருக்கு. அங்கேர்ந்தே கத்துங்க, நல்லாத்தான் கேக்குது."

அந்த வீட்டில் படம் பிடிப்பது அப்பாதுரை. பிடித்ததைப் பத்திரப்படுத்துவது ரமா. அதற்கென்று மூன்று டிஸ்க். அடையாளத்துக்கு ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு நிறத்தில் ஸ்டிக்கர் பொட்டு. சிவப்புப் பொட்டு கம்ப்யூட்டரோடு இருந்தால், பச்சைப் பொட்டு பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கும். நீலப் பொட்டு, ரமாவின் தம்பி விக்கி வீட்டில், பீர்க்கன்கரணையில். ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்றும் இடம் மாறும். தீ வந்தாலும் திருடன் வந்தாலும் வெள்ளம் வந்தாலும் ஒன்றாவது தப்பிக்கும் என்பது ரமாவின் ஏற்பாடு.

"வெள்ளத்துக்குப் பயந்து டிஸ்க்க ஏரிக்கரையில கொண்டுபோய் வெச்ச ஒரே குடும்பம் நம்ம குடும்பம்தான்!" என்று கத்தினார் அப்பாதுரை.

கையைத் துடைத்தபடி ரமா வந்தாள். "என் தம்பி இருக்கிறது ரெண்டாவது மாடி. தண்ணி அவ்ளோ தூரம் ஏறினா அப்புறம் டிஸ்க்க யாருங்க தேடப் போறாங்க?"

"இடமே இல்ல, ரமா! வாரா வாரம் காப்பி எடுத்து எடுத்து எதையுமே அழிக்காம வெச்சிருக்க. எல்லாம் குப்பை!"

"எது குப்பை?"

"உன் தம்பி கல்யாணம். அதுவே மூணு டிஸ்க்லயும் மலை மாதிரி உக்காந்துனு இருக்கு."

ரமா அவரை நிதானமாகப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

விக்கியின் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பைப் படம் பிடித்தவர் அப்பாதுரைதான். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, அலங்கரித்த காருக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து போனார். ஜெனரேட்டர் வண்டியின் கம்பியில் வேட்டி மாட்டியது, வேட்டி நின்றுவிட்டது, அப்பாதுரை நிற்கவில்லை. கோடு போட்ட அரைக்கால் அண்டர்வேருடன் தெரு முழுக்க நடந்தார். ஊர்வலமே விழுந்து விழுந்து சிரித்தது. அவரோ, "அப்படித்தான்! இன்னும் சிரிங்க! கேமராவைப் பாத்து சிரிங்க!" என்று உற்சாகப்படுத்திக்கொண்டே போனார். இதையெல்லாம் இரண்டாவது கேமரா விடாமல் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து ரமா வீட்டு விசேஷம் ஒவ்வொன்றிலும், சாப்பாட்டுக்கு முன்னால் அந்தப் படம் திரையில் ஓடும்.

இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். இனி முடியாது. விக்கி மகளின் காதுகுத்து அஸ்தினாபுரம் மண்டபத்தில் வருகிறது. அதற்கு ஜீவானந்தமும் வருகிறார். அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அப்பாதுரையின் மகள் தமிழினிக்கு மாமனாராக வரப்போகிறவர். சிரித்தே யாரும் பார்த்ததில்லை. அந்த மனுஷர் எதிரில் அந்த அண்டர்வேரா?

"சட்டம் போடறேன்," என்றார். "அஞ்சு வருஷத்துக்கு மேல பழசானது எதுவா இருந்தாலும் மூணு டிஸ்க்லேர்ந்தும் காலி! யார் வூட்டுக் கல்யாணமா இருந்தாலும் சரி."

"என் தம்பி கல்யாணங்க அது. அவன்கிட்ட இருந்த காப்பியும் கெட்டுப்போச்சு."

"ஆல்பம் இருக்குல்ல? அதைப் பாத்துக்கட்டும்."

ரமாவின் முகம் சுருங்கியது. அவளுக்கும் கோபம் வந்தது. ஆனால் அவள் கோபத்துக்குச் சத்தம் கிடையாது. அதுதான் ஆபத்து என்று கல்யாணமாகி இத்தனை காலத்தில் அப்பாதுரை கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

"சரி. அஞ்சு வருஷத்துக்கு உள்ள இருந்தா?"

"எவனும் கை வைக்கக் கூடாது! நானே கேட்டாலும் அழிக்காத. கால்ல விழுந்து கெஞ்சினாலும் அழிக்காத. சட்டம்னா சட்டம்."

"காலியாகுற எடத்துல, இந்த ரூம் மூலைல மாட்டி வெச்சீங்களே கேமரா, அதோட படத்தைத் தினம் போட்டு வெக்கட்டுமா?"

வாசலில் விட்ட புதுச் செருப்பு காணாமல் போனபோது, முன்னறையிலிருந்து வாசல்வரை பார்க்கும் அந்தக் கேமராவை நம்பித்தான் அப்பாதுரை ஓடினார். முந்தின நாள் படத்தை அது தானாகவே அழித்துவிட்டிருந்தது. தண்டம் என்று திட்டியவர் அதோடு அதை மறந்தே போனார்.

"தாராளமா போட்டுக்க!" என்றார். ரமா இவ்வளவு சீக்கிரம் வழிக்கு வந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

சட்டத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, லேமினேட் செய்து, கம்ப்யூட்டருக்கு மேலே மாட்டினார். அன்றே சிவப்புப் பொட்டிலிருந்து விக்கியின் கல்யாணத்தை அழித்தார். பீரோவைத் திறந்து பச்சைப் பொட்டையும் முடித்தார். நீலப் பொட்டு பாக்கி.

"அது ஞாயித்துக்கிழமைதான் வரும்," என்றாள் ரமா.

ஞாயிற்றுக்கிழமைதான் காதுகுத்து! விக்கி அதை நேராக மண்டபத்துக்கே தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். அப்பாதுரை மறுநாளே ஸ்கூட்டரை எடுத்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்காரனைத் திட்டி, ஆட்டோக்காரனைத் திட்டி, சிவப்பு விளக்கையும் திட்டி, பீர்க்கன்கரணையில் இரண்டு மாடி ஏறி மூச்சிரைக்க நின்றார்.

விக்கி டிஸ்கைத் துணிப்பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தான். "இந்தாங்க மாமா. நீங்க வருவீங்கன்னு அக்கா போன் பண்ணாங்க. டீ சாப்பிடறீங்களா?"

அப்போதாவது அப்பாதுரை யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் யாரும் இல்லை. ரமா தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அப்பாதுரை லுங்கிக்கு மாறி, டிஸ்கைச் செருகி, விக்கியின் கல்யாணத்தைத் தேடிப் பிடித்து, ஒரே தட்டு. போயே போய்விட்டது! இத்தனை வருஷ அவமானம், ஒரு நொடியில்! அவருக்கு அடக்க முடியவில்லை. முன்னறை நடுவில் நின்று ஒரு ஆட்டம் போட்டார். "டேய் விக்கி! இப்ப போடுடா படத்தை! பாக்கலாம்!" என்று நாற்காலியை விக்கியாக வைத்து அதன் எதிரே தொடையைத் தட்டினார். நாலாவது சுற்றில் லுங்கி நழுவியது. போனால் போகிறது, யார் பார்க்கிறார்கள்? அதையே தூக்கித் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு ஆடினார்.

காதுகுத்து நாளன்று அப்பாதுரை பட்டு வேட்டியில், முதல் வரிசையில், ஜீவானந்தத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். காதில் சிவப்பு துளிகூட இல்லை.

குழந்தை அழுது ஓய்ந்து, சாப்பாட்டுக்கு முன்னால் விக்கி மைக்கைப் பிடித்தான். "எல்லாரும் மன்னிக்கணும். வழக்கமா போடற என் கல்யாணப் படம் இந்தத் தடவை இல்ல. மாமா சட்டப்படி அழிச்சுட்டாரு."

மண்டபமே உச்சுக் கொட்டியது. அப்பாதுரை வருத்தமாக முகத்தை வைத்துக்கொள்ள மிகவும் பாடுபட்டார்.

"ஆனா அக்கா புதுசா ஒண்ணு குடுத்திருக்காங்க."

விளக்கு அணைந்தது. திரையில் இரும்புலியூர் முன்னறை. கம்ப்யூட்டர். அதன் மேல் பளபளவென்று லேமினேட் செய்த சட்டம். அதன் கீழே லுங்கியில் அப்பாதுரை. "டேய் விக்கி! இப்ப போடுடா படத்தை!" என்று திரை கத்தியது. விக்கி போட்டுவிட்டான்! லுங்கி நழுவியது. அதே மாதிரி கோடு போட்ட அண்டர்வேர். தலைக்கு மேல் லுங்கி சுழன்றது.

முதலில் சிரித்தது ஜீவானந்தம். சிரித்தே பார்த்திராத மனுஷர், இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, அப்பாதுரையின் தொடையிலேயே தட்டித் தட்டிச் சிரித்தார். "சம்பந்தி! இன்னொரு தடவை போடச் சொல்லுங்க சம்பந்தி!"

காது இரண்டும் கொதிக்க, அப்பாதுரை பந்தி நடக்கும் இடத்துக்கு ஓடினார். ரமா வரிசையாக இலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அழி! இப்பவே அழி அதை!"

"மூணு பொட்டுலயும் போட்டாச்சுங்க."

"மூணுலேர்ந்தும் அழி! மானம் போவுது ரமா! உன் கால்ல வேணா விழறேன்!"

ரமா அவருக்கென்று ஓர் இலையைப் போட்டு, அதில் தண்ணீர் தெளித்தாள்.

"விழுந்தாலும் அழிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே. அஞ்சு வருஷம் ஆகட்டும், பாக்கலாம். இப்ப உக்காந்து சாப்பிடுங்க."